எஸ்டிமேட் என்றால் குறைக்கலாம்

இதயத்தை ஸ்கேன் செய்து கொடுத்த எக்கோ ரிப்போர்ட்டிடமே பேரம் பேசிய மனிதர், நானறிந்தவரை, ஆரணியில் ஒருவர்தான். அந்த ரிப்போர்ட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. எக்கோ எடுத்த நாளை அவர் புதன்கிழமை என்பார். ரிப்போர்ட்டில் செவ்வாய் என்றுதான் இருக்கிறது.

பட்டுப்புடவை வியாபாரி. ஊரில் 'கொறச்சிப்போடு' என்றால்தான் தெரியும். ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டரிடம், "கண்ணமங்கலம் வரைக்கும் நின்னுகினுதானே வந்தேன்? பாதி டிக்கெட் போடு" என்றவர். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் ஆறு மணி என்று இருந்தால், ஏழு ஆக்க முடியுமா என்று கேட்பார்.

அவர் மனைவி வசந்தாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் உடன் போனேன். எக்கோ பார்த்த டாக்டர், நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஐம்பத்தெட்டு என்றார். உண்மையாக இருந்தால் லேசான விஷயமில்லை என்றும் சொன்னார். வசந்தா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கொறச்சிப்போடு ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். 'எஸ்டிமேட்டட்' என்ற சொல்லில் விரல் நின்றது.

"எஸ்டிமேட்டுதானே டாக்டர்? பாத்து நாப்பத்தஞ்சு போட்டுக்குங்க."

"ஏங்க, அவரு இன்னா பொடவயா விக்கிறாரு?" என்றார் வசந்தா.

டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க கேக்கறதுல பாதி நியாயம் இருக்குங்க. வால்வுல கசியிற ரத்தத்தோட வேகத்த வெச்சி போட்ட கணக்கு இது. கூடவும் இருக்கலாம், கொறையவும் இருக்கலாம். சரியா தெரியணும்னா ரத்தக்குழாய் வழியா மெல்லிசா டியூப் விட்டு உள்ளயே அளக்கணும்."

"கூடவும் இருக்கலாமா?" என்றார் கொறச்சிப்போடு. அதன் பிறகு, டியூப் விட்டு அளக்க வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை யாரிடமும் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. பஸ்ஸில் முழு டிக்கெட் வாங்கினார். எனக்குப் பயமாகிவிட்டது.

அங்கே டியூப் விட்டு அளந்த டாக்டர் வெளியே வந்து, "இருபத்தெட்டுதாங்க. நார்மல். மூச்சு வாங்கறது ரத்தசோகையால. மாத்திரையில சரியாயிடும்" என்றார்.

கொறச்சிப்போடு முகம் சுருங்கியது. "நானே நாப்பத்தஞ்சுதான் கேட்டேன். இருபத்தெட்டு எப்டிங்க கட்டுப்படியாவும்? இவ்ளோ எறங்குறாங்கன்னா சரக்குல ஏதோ கோளாறு. இன்னொரு வாட்டி அளந்துடுங்க."

"மூணு தடவ அளந்தாச்சுங்க."

"அப்ப ஒரு முப்பதுன்னாவது போட்டுக்குங்க, மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

வசந்தா இப்போது நன்றாக இருக்கிறார். தினமும் மதியம் மாடிக்குப் போகையில், இரண்டு படி பின்னால் கொறச்சிப்போடும் ஏறுகிறார்.

"இன்னாங்க, என் பின்னாடியே வந்துகினு?"

"நீ ஏறு. எனக்கும் மேல வேல கீது."

மேலே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஏறும்போது அவர் உதடுகள் அசைவதை என் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். மனைவியின் மூச்சை எண்ணுகிறாரா, படவேட்டு அம்மனைக் கூப்பிடுகிறாரா என்று கேட்டேன். "பேஜார் பண்ணாதீங்க சார்" என்றார். எது என்பது இதுவரை உறுதிப்படவில்லை.