பவளத் தொட்டிக்கு ஆயுத பூஜை

கவரைப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

புனேயில் இருக்கும் மாப்பிள்ளை அன்புசெல்வன் அவர்களுக்கு, மாமனார் தணிகாசலம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை ஈஸ்வரியும் நலம். வீட்டில் மற்ற ஜீவன்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "உம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பீர்கள். அந்தப் பேசாமல் இருப்பதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. கடிதத்தில் அந்த வசதி உண்டு. நீங்கள் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் எனக்குக் கேட்காது.

நீங்கள் பெண் கேட்டு வந்த அன்று, "கண்ணாடித் தொட்டில கல்லு வளக்கற பையனுக்கா என் பொண்ணு?" என்று நான் சமையலறையில் சொன்னது கூடம்வரை கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு நாலு வருஷம் நீங்கள் என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டீர்கள். பேங்க் மேனேஜரைக் கூப்பிடுகிற மாதிரி. ஜூலை மாதம் கம்பெனி உங்களை டிரெயினிங்குக்கு அனுப்பியபோது, அந்தப் பவளத் தொட்டியை நாலு பேராகத் தூக்கி வந்து எங்கள் கூடத்தில் வைத்துவிட்டு, கைப்பட எழுதிய இருபது பக்க நோட்டு ஒன்றையும் கொடுத்து, "மாமா, உங்கள நம்பித்தான் உட்டுட்டுப் போறேன்" என்றீர்கள். அந்த "மாமா"வுக்கு நான் தொட்டி என்ன, அந்தக் கடலையே வாங்கி வைத்திருப்பேன்.

உங்களுக்குத் தெரியாததா, கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் முப்பத்தொரு வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்துவிட்டு மே மாதம் ரிட்டயர் ஆனவன் நான். ஜூன் மாதம் முழுக்க உங்கள் அத்தை என்னைத் தாண்டித் தாண்டிப் பெருக்கினாள். அந்த நிலைமையில் தொட்டி வந்தது, எனக்கு மறுபடி ஒரு டியூட்டி வந்தது. ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்று லாக் புக் போட்டேன். சூடு இருபத்தாறு, உப்பு சரி, கோரல், அதாவது பவளம், எல்லாம் விரிந்திருக்கிறது, கையெழுத்து. உங்கள் நோட்டில் சொன்னபடி ஆர்.ஓ. தண்ணீரில் உப்புப் பொடி கலந்து ஊற்றினேன். அதைப் பார்த்து அடுத்த வீட்டுப் பரசுராமன், "இன்னாபா இது, மீஞ்சூர்ல அம்மாம் பெரிய பிளான்ட் போட்டுக் கடல் தண்ணிலேர்ந்து உப்ப எடுத்துக்கினு கீறான், நீ இன்னாடான்னா நல்ல தண்ணில உப்பப் போட்டுக்கினு குந்திகீற" என்று சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டேன். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்குப் பஞ்சர் ஒட்டியவனுக்குப் பவளப் பாறை பற்றி என்ன தெரியும்? எனக்கு மட்டும் என்ன தெரியும் என்பது அப்போது தெரியவில்லை.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். மாப்பிள்ளை, மில்லில் அன்றைக்கு மிஷினைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, மெயினை இறக்கிவிடுவோம். வருஷம் பூரா நமக்கு உழைக்கிறது, ஒருநாள் அதுவும் உட்காரட்டும். மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து ஸ்டார்ட் பண்ணுவோம். இந்த முறையில் நான் ஒரு வருஷமும் தவறியதில்லை, என் லைனில் ஒரு விரலும் போனதில்லை. ஆகையால் உங்கள் மோட்டார், அலை அடிக்கிற ஃபேன், தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர், லைட்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். நோட்டுக்கும் தாராளமாகச் சந்தனம் பூசிச் சரஸ்வதி படத்தின் கீழ் வைத்தேன். பதினொரு மணிக்குச் சூடம் காட்டி, சுவிட்சை இறக்கி, லாக் புக்கில் "பிளான்ட் ஷட்டவுன், பூஜை இனிதே முடிந்தது" என்று எழுதினேன்.

சாயங்காலம் தொட்டியில் இருந்த கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பொரி கேட்கிறது என்று நினைத்து இரண்டு பொரி போட்டேன். உங்கள் அத்தைதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, அதுக்கு மூச்சு முட்டுது. சுச்சப் போடுங்க."

"பூஜை போட்ட மிஷின நடுவுல ஓட்டக்கூடாதுடி."

"அப்ப ஃபேனு ஓடுது, ஃபிரிட்ஜு ஓடுது, காலைல மிக்ஸிக்குப் பொட்டு வெச்ச கையோட சட்னி அரைக்கச் சொன்னீங்களே, அதெல்லாம் இன்னா, மிஷின் இல்லியா?"

"அதெல்லாம் ஊட்டு சாமான். இது பிளான்ட்டு."

இந்தப் பதிலை நான் சொன்னபோது எனக்கே பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நோட்டைப் பார்க்கலாம் என்றால், அன்றைக்குப் புத்தகம் படிக்கக்கூடாதே.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ராகு காலம் எமகண்டம் எல்லாம் பார்த்து சுவிட்சைப் போட்டேன். நல்ல நேரம் எனக்கு மட்டும்தான் இருந்தது. தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரி. மீன்கள் போய்விட்டன. பச்சைப் பொத்தான் மாதிரி இருந்த கோரல்கள் நாலே நாளில் கூழாகிவிட்டன. தொட்டால் கையில் கரைந்தன. கூடத்தில் அடித்த வாடைக்கு உங்கள் அத்தை ஊதுவத்தி கொளுத்தினாள். துக்க வீடு பூர்த்தியாயிற்று.

மாப்பிள்ளை, தினமும் நான் வாட்ஸப்பில் அனுப்பிய படங்களுக்கு "சூப்பர் மாமா" போட்டீர்களே, அதில் கடைசிப் பத்து படமும் செப்டம்பரில் எடுத்தவை. தொட்டிக் கண்ணாடியில் அத்தையின் நிழல் விழுந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு என் பொண்ணு இளமதி போனில், "இன்னாப்பா, அம்மா நாலு நாளா ஒரே பொடவைல கீறாங்க?" என்று கேட்டாள். "உங்கம்மாவுக்கு அந்தக் கலர் புடிச்சிப்போச்சி" என்றேன். ஒவ்வொரு சூப்பரும் எனக்கு ஒரு செருப்படி.

இனி எழுதப்போவதுதான் எழுத முடியாதது. நிச்சயதார்த்தத்தன்று மோதிரத்தோடு நீங்கள் இளமதி கையில் ஒரு சின்ன டப்பா கொடுத்தீர்கள், உள்ளே கட்டைவிரல் அளவு லெதர் கோரல், தோல் மாதிரி இருக்கிற பவளம். உங்கள் அத்தை நாய்க்குடை என்பாளே, அதுதான். நாலு வருஷத்தில் உள்ளங்கை அகலம் வளர்ந்து, ஆயிரம் விரலை நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தது. அது மட்டும் கரையவில்லை. விரலையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆறாம் நாள் மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு சாம்பல் தோல் படர்ந்தது. நோட்டைக் கடைசிப் பக்கம்வரை நாலு தடவை படித்தேன். லெதரைப் பற்றி ஒரு வரி இல்லை. குறையாகச் சொல்லவில்லை, ஆனால் ஒரு வரி எழுதியிருந்தீர்களானால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, வெளியே எடுத்தேன். கையில் கெட்டியாக இருந்தது. செத்தால் விறைக்கும்தானே. கொல்லையில் குண்டுமல்லிக்குக் கீழே குழி வெட்டிப் புதைத்தேன். பரசுராமனும் வந்து நின்றான்.

"எத்தினி வயசு?"

"நாலு."

"த்சொ. சின்ன வயசு. பால் ஊத்துனியா?"

கிண்டல் என்று தெரியும். தெரிந்தும் மறுநாள் அரை டம்ளர் ஊற்றினேன்.

தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். வந்து தொட்டியைப் பாருங்கள். வெறும் பாறையும் சுத்தமான தண்ணீரும் இருக்கும். உங்களால் ஆகவேண்டியதும் என்னால் ஆகக்கூடியதும் இனி ஒன்றுமில்லை. ஆயுசு முடிந்தது, போயிற்று. நோட்டில் இல்லாததற்கு நானும் பொறுப்பில்லை, நீங்களும் பொறுப்பில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டுங்கள். மறுபடி "சார்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

நீங்களும் இளமதியும் பதினாறும் பெற்று, அதில் ஒன்றையும் என்னிடம் ஒப்படைக்காமல், நீடூழி வாழ வாழ்த்தும்,

மாமனார்
தணிகாசலம்

பின்குறிப்பு: நேற்று ராத்திரி கடிதத்தை உறையில் போடும்போது அத்தை, "அந்த நோட்டையும் கூட வெச்சி அனுப்பிடுங்க, இனிமே நமக்கு எதுக்கு" என்றாள். எடுத்தேன். கடைசி அட்டை தடிமனாகத் தட்டுப்பட்டது. பூஜைக்குப் பூசிய சந்தனம் காய்ந்து கடைசி இரண்டு தாளையும் அட்டையோடு ஒட்டியிருக்கிறது. ஆவி காட்டிப் பிரித்தேன். உங்கள் கையெழுத்து: "மாமா, லெதர் அப்பப்ப மூடிக்கும். பத்து பதினஞ்சு நாள்கூட ஆகும். மேல ஒரு தோல் வரும். செத்துப்போச்சுன்னு நெனச்சுடாதீங்க. தோலை உதுத்துட்டு முன்னவிட நல்லா விரியும். செத்தா கரையும், கெட்டியா இருந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா இருங்க." சும்மா இருங்க என்பதன் கீழே இரண்டு கோடு.

ஆகையால் மேலே ஆயுசு முடிந்தது என்று எழுதியதைப் படிக்க வேண்டாம். தோண்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. காலையிலிருந்து ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அளந்து கலந்து, சூடு இருபத்தாறு பார்த்து, புதைத்த இடத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். குண்டுமல்லி வாட ஆரம்பித்துவிட்டது.