வரிசையில் நின்ற வசை

மேனேஜரின் குரல் விட்டு விட்டு வந்தது.

"எல்லாரும்... வரைபட... மதியத்துக்கு... தொலைச்சுடுவேன்."

கட்டட வரைபட அலுவலகம் அது. மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர். மேனேஜர் தன் அறையில் மைக்கில் பேசினால் எல்லாவற்றிலும் ஒலிக்க வேண்டும். அதற்கான சர்வரைச் சிஸ்டம்காரர் நேற்றுதான் நிறுவினார். கம்பெனி கம்ப்யூட்டர் ஒன்றுகூட விடக்கூடாது என்பது உத்தரவு. அவர் விடவில்லை.

"என் பேச்சு என்னய்யா வெங்காயமா? நறுக்கி நறுக்கி அனுப்புற!"

"சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வெச்சு விட்டா சீரா வரும் சார். கொஞ்சம் லேட்டாகும்."

"எவ்வளவு?"

"மூணு செகண்டு."

சிஸ்டம்காரர் ஹாலைச் சுற்றிவந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மூவாயிரம் என்று போட்டார். மில்லி செகண்டு என்று நினைப்பு.

திரும்பி வந்து மேனேஜர் அருகில் நின்றார்.

"ஹலோ, கேக்குதா?" என்றார் மேனேஜர், மைக்கில்.

ஹால் அமைதியாக இருந்தது. இன்னொரு முறை கேட்டார். ஒன்றுமில்லை.

"மைக் செத்துப்போச்சு சார்."

"சாகாம? இதுலயும் மலிவா வாங்கச் சொன்னா? எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளுய்யா நம்ம முதலாளி. கஞ்சப் பிசினாறி. ஆறு வருஷமா இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல. அந்த விக்கு ஒண்ணு வேற!"

"எலிக்கூடு மாதிரி இருக்கும் சார்."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

கம்ப்யூட்டரை இன்னொரு முறை பார்க்கப் போன சிஸ்டம்காரர் வியர்த்துப்போய் வந்தார்.

"சார், மைக் சாகல. நம்பர் போடுற அந்தக் கட்டம் செகண்டுல கேட்டிருக்கு. மூவாயிரம் செகண்டு. அம்பது நிமிஷம்."

"அப்ப நாம பேசினது?"

"வரிசையில நிக்குது."

வரவேற்பறைப் பெண் எட்டிப்பார்த்தாள். "சார், முதலாளி வீட்டுலேர்ந்து கிளம்பிட்டாராம். இங்கதான் வர்றாராம்."

மேனேஜர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நம்பரைக் குறைய்யா!"

"குறைச்சா இப்பவே கத்தும் சார்."

"அப்ப மேல ஒரு பாட்டைப் போட்டு மறை!"

சிஸ்டம்காரர் போட்டார். "பாட்டு நமக்குப் பின்னாடி நிக்குது சார்."

கடைசியில் அவர் மேஜை மேஜையாக ஓடி ஒலியைச் சுத்தமாகக் குறைத்தார். கடைசி மேஜையை முடிக்கவும் முதலாளி நுழையவும் சரியாக இருந்தது.

முதலாளி ஹாலின் நடுவில் உட்கார்ந்தார். விக்கைத் தடவிக்கொண்டார்.

"ஏதோ பேசுற ஏற்பாடு பண்ணியிருக்கீங்களாமே. நல்லா சத்தமா வைங்க."

"இன்னும் வேலை முடியலீங்கய்யா," என்றார் மேனேஜர்.

"பரவால்ல. காத்திருக்கேன்."

முதலாளி கேட்டு முடியாது என்பார்களா? ஹாலில் இருந்தவர்கள் ஆளுக்கு ஆள் பாய்ந்து ஒலியைக் கூட்டினார்கள். காத்திருந்தார்கள்.

"ஹலோ, கேக்குதா?"

ஹால் முழுக்க மேனேஜர் குரல். மணியடித்தாற்போல் தெளிவு. ஆனால் மேனேஜரின் வாய் மூடியிருந்தது.

"கேக்குது," என்றார் முதலாளி.

சிஸ்டம்காரர் ஓடினார். நடையிலிருந்த மெயின் சுவிட்சை இழுத்தார். விளக்கு, மின்விசிறி, கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. சேமிக்காத வரைபடங்களுக்காக ஹால் ஒரே குரலில் அலறியது.

"கரண்ட் போச்சுங்கய்யா!" மேனேஜரின் குரலில் அப்படியொரு ஆனந்தம்.

சிஸ்டம்காரர் சுவரில் சாய்ந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

முதலாளியின் டிரைவர் நடையில் நின்றிருந்தார். சுவிட்சைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"ஏங்க அணைச்சீங்க? கொஞ்ச நேரம் முன்னாடி ஐயா வீட்டுல இருக்கிற கம்பெனி கம்ப்யூட்டர்ல விட்டு விட்டுத்தான் கேட்டுச்சு. எலிக்கூடுன்னு சொன்னது யார் குரல்னு தெரியல. அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்."