தாய்மாமன் பெயரும் மஞ்சள் மையும்

பீடோங்,
சனிக்கிழமை காலை.

கூலிம் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக விளங்கும் என் அன்பு மைத்துனர் சசிதரன் அவர்களின் மேலான சமூகத்திற்கு, செம்பனை ஆலையில் முப்பத்தொரு வருடம் பழம் நிறுத்து ஓய்வு பெற்ற கணக்குக் கிராணியும் உங்கள் அக்காள் உமையாளின் கணவனுமாகிய தர்மலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் முட்டி வலியும் நலம். மணப்பெண் லோகேஸ்வரி நலம். உங்கள் அக்காள் மட்டும் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள். அங்கே நீங்களும் சாந்தினியும் பிள்ளைகளும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். உங்கள் கோபம் தணியவும் அதே சூடத்திலேயே சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

கைப்பேசி இருக்கும் காலத்தில் மனுஷன் ஸ்டாம்பு ஒட்டி எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நான் அனுப்பிய பதினேழு வாட்சாப் செய்திகளுக்கும் ஒற்றை டிக்குதான் நிற்கிறது. போன் அடித்தால், நீங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் மலாயில் சொல்கிறாள். பதின்மூன்று நாளாக அவள் குரல்தான் இந்த வீட்டில் அதிகம் கேட்கிறது. சாந்தினிக்கு அடித்தால், "அவரு ஓவர்டைம்ல இருக்காருண்ணே" என்று சொல்லி, சிரிப்பை அடக்கிக்கொண்டு வைத்துவிடுகிறாள். அந்தச் சிரிப்பு எதற்கென்று எனக்குத் தெரியாதா என்ன? இரண்டு ஞாயிறுக்கு முன்னால் நானும் உமையாளும் தாம்பூலத் தட்டோடு கூலிமுக்கு வந்து, நீங்கள் ஷிப்டில் இருந்ததால் உங்கள் பத்திரிகையைச் சாந்தினி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். லோகேஸ்வரி கல்யாணப் பத்திரிகை. அதில் தாய்மாமன் பெயர் இல்லை.

உங்கள் அக்காள் அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "என் தம்பி வந்து கைபிடிச்சு கூட்டிட்டுப் போகாம எம்பொண்ணு மணவறை ஏறமாட்டா" என்று ஒரே பேச்சு. கல்யாணத்துக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. மண்டபம் பேசியாகிவிட்டது, மேளம் பேசியாகிவிட்டது, பெண்ணின் கையைப் பிடிக்க வேண்டிய மாமன் மட்டும் பேசமாட்டேன் என்கிறார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு யார் மேல் கோபப்பட வேண்டுமோ அவர் மேல் கோபப்படுங்கள்.

எல்லாம் உங்கள் பிரிண்டரால் வந்தது. லோகேஸ்வரி காலேஜில் சேர்ந்தபோது நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்தீர்களே, அதே பிரிண்டர்தான். துணி போட்டு மூடி ஆர்மோனியப் பெட்டி மாதிரி பத்திரமாக வைத்திருந்தேன். பிள்ளை பினாங்கில் வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகையை கம்ப்யூட்டரில் அழகாக வரைந்து அனுப்பினாள். அச்சகத்தில் விலை கேட்டேன், மயக்கம் வந்தது. வீட்டில் யானையை வைத்துக்கொண்டு மண் சுமக்க ஆள் கூப்பிடுவானேன், நானே இருநூறும் அடித்துவிடுகிறேன் என்று வாய் விட்டேன். பிறகுதான் தெரிந்தது உள்ளே மை இல்லை என்று. நாலு நிறம் அசல் மை வாங்கினால் பிரிண்டர் வாங்கிய காசைத் தாண்டுகிறது மச்சான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள், பிரிண்டரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள் போல.

பசார் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் புவனேசனிடம் போனேன். அசலே வேண்டாம் அங்கிள், அதற்குப் பதிலாகப் போடுகிற மலிவு டப்பா இருக்கிறது, பொருந்தும் என்றான். எத்தனை பொருத்தம் என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை, இன்னும் கல்யாணமாகாத பையன். நம்பரில் கடைசி எழுத்து ஒன்று மட்டும் மாறியிருந்தது. "அதெல்லாம் சேம்லா அங்கிள், போலே" என்று, முடியும் என்பதை மலாயில் சொன்னான். வீட்டில் வந்து போட்டால் நுழையவே மாட்டேன் என்கிறது. நான் சும்மா இருப்பேனா? மூலையில் துருத்திக்கொண்டிருந்த இடத்தைக் கத்தியால் சீவி, உள்ளே தள்ளி, கதவைச் சாத்தினேன். பிரிண்டர் மூன்று முறை கீச்சிட்டது, பிறகு சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. லோகேஸ்வரிக்கும் மாப்பிள்ளைக்கும் எட்டுப் பொருத்தம் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. சீவிய டப்பாவை எடுத்துக்கொண்டு போனதால் புவனேசன் திருப்பி வாங்கவுமில்லை.

அடுத்து மோட்டாரை எடுத்துக்கொண்டு கோலா கெத்தில் வரை போனேன். அங்கே போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கும் மருதம்மாள் விவரமானவர். பிரிண்டரைப் போன் கேமராவில் காட்டச் சொல்லி, நம்பரைச் சரிபார்த்து, நாலு நிறமும் கொடுத்தார். விலையும் குறைவு, எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. மேலே ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டையை உரித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். கறுப்புப் பெட்டியிலும் சிவப்புப் பெட்டியிலும் நீலப் பெட்டியிலும் பட்டையைச் சுத்தமாக உரித்தேன். நாலையும் போட்டேன். 'இது அசல் மை அல்ல, தொடரலாமா' என்று கம்ப்யூட்டர் கேட்டது. தொடர் என்று தட்டினேன். உறுதியாகவா என்றது. உறுதியாக என்றேன். பொறுப்பு உங்களுடையது என்றது. சம்பந்தி வீட்டார்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை.

சோதனைக்கு மேலே உள்ள பிள்ளையாரை மட்டும் அடித்துப் பார்த்தேன். லோகேஸ்வரி வரைந்த பிள்ளையார் நீலக் கோட்டுக்குள் தங்க நிறம். வெளியே வந்தவர் நீலம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், எனக்குக் கிருஷ்ணராவது கிடைத்தாரே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மஞ்சள் வரவில்லை, அதுதான் கோளாறு. மஞ்சள் பெட்டியை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தேன். முப்பத்தொரு வருடம் லோரி லோரியாக நிறுத்த கை இது, என்னிடம் ஏமாற்று நடக்காது. மற்ற மூன்றுக்கும் உள்ள எடை அதற்கும் இருந்தது. ஆக, உள்ளே மைக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றி விற்றிருக்கிறார்கள் என்று தீர்ப்பு எழுதினேன். மறுபடி கோலா கெத்தில் போய் மருதம்மாளிடம் சத்தம் போட்டேன். அந்த அம்மாள் எதிர்த்துப் பேசாமல் வேறு மஞ்சள் கொடுத்தார். அதுவும் வரவில்லை. மறுபடி போனேன், மறுபடி கொடுத்தார், மறுபடி வரவில்லை.

இந்த 'நீங்கள்' போட்டு எழுதி என் கை வலிக்கிறது மச்சான். இனிமேல் நீ என்றே எழுதுகிறேன், சண்டையானாலும் நீ என் மச்சான்தானே.

அப்போதுதான் உன் அக்காள் ஒரு யோசனை சொன்னாள். கடைக்காரன் மஞ்சளுக்கு எதற்கு அலைய வேண்டும், நம் வீட்டில் இல்லாத மஞ்சளா என்றாள். காலியான பழைய அசல் டப்பா ஒன்று கிடந்தது. மஞ்சள் தூளைக் கரைத்து, மூன்று தடவை வேட்டித் துணியில் வடிகட்டி, எதிர்வீட்டுக்காரர் தன் பேரனுக்கு மருந்து புகட்ட வைத்திருந்த ஊசியைக் கடன் வாங்கி, கடவுளே என்று உள்ளே ஏற்றினேன். மூன்று பிள்ளையார் வந்தார் பார், அப்படி ஒரு களை! வீடெல்லாம் ரசம் மணத்தது. நானும் உமையாளும் ஹாலில் நின்று கை தட்டினோம். சிவப்பு தீர்ந்தால் கவலையில்லை, அதே மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி நிறம் வந்துவிடும் என்று அவள் அடுத்த திட்டத்துக்கே போய்விட்டாள். நாலாவது பிள்ளையார் பாதித் தும்பிக்கையில் நின்றுவிட்டார். மஞ்சள் உறைந்து அடைத்துக்கொண்டது. அரை நாள் சுடுதண்ணீரில் கழுவி அடைப்பை எடுத்தேன். மறுபடி மருதம்மாளின் மஞ்சள் பெட்டியையே வைத்தேன், பலன் இல்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். மஞ்சள் பிள்ளையாரில் மட்டும்தானே இருக்கிறது, பிள்ளையாரைச் சிவப்பாக மாற்றிவிட்டால் தீர்ந்தது வேலை! மாற்றினேன். கறுப்பு எழுத்து, சிவப்புப் பிள்ளையார், இருநூறு பத்திரிகையும் பொங்கல் பால் மாதிரி பொங்கி வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கண்ணாடி போட்டு ஒரு வரிகூடப் படிக்கவில்லை. உன் அக்காள் ஒவ்வொன்றாக எடுத்து மூலையில் மஞ்சள் தடவினாள். நடுவில் ஓர் இடம் வெறுமையாக இருந்ததாம். பிள்ளை மங்கலத்துக்கென்றே இடம் விட்டு வரைந்திருக்கிறாள், என்ன புத்தி பார் என்று மெச்சிக்கொண்டு அந்த இடத்திலும் ஒரு விரல் மஞ்சள் வைத்தாள். இருநூறுக்கும் வைத்தாள்.

உன் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கடையில் டீ குடித்தோம். கையில் மிஞ்சியிருந்த பத்திரிகை ஒன்றைப் படம் பிடித்துப் பெருமையாக மகளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அப்பா, மாமா பேரு எங்கப்பா?"

உன் பெயரை மட்டும் தனி வரியில், என் பெயரைவிடப் பெரிதாக, சுத்த மஞ்சளில் போட்டிருந்தாளாம். தாய்மாமன் பெயர் மங்கல நிறத்தில் இருக்க வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை. எனக்கு அதைச் சொல்லவில்லை, நான் பார்த்து ஆச்சரியப்பட வேண்டுமாம். அந்த இடத்தில்தான் உன் அக்காள் மஞ்சளைத் தடவியிருக்கிறாள். உன் பெயரை நாங்கள் விடவில்லை சசி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உன் அக்காள் விரல்தான் இருக்கிறது. உமையாள் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு அழுதாள். நான் மட்டும் என் டீயைக் குடித்து முடித்தேன்.

உனக்கு அக்காள் ஒருத்தி, அவளுக்குத் தம்பி ஒருத்தன். புவனேசனைத் திட்டு, மருதம்மாளைத் திட்டு, கஞ்சன் என்று என்னையும் திட்டு, நான் அதற்குத் தகுதியானவன்தான். அவளை மட்டும் தண்டிக்காதே. கோபித்தபடியே வந்தாலும் பரவாயில்லை, வந்து பிள்ளையின் கையைப் பிடி. நீ வராவிட்டால் நானே அவள் கையைப் பிடித்து அழைத்துப் போகலாம் என்கிறார்கள் சிலர். நான் மாட்டேன். அது உன் இடம்.

நீயும் சாந்தினியும் பிள்ளைகளும் நூறாண்டு குறைவின்றி வாழ்ந்து, உங்கள் வீட்டுப் பிரிண்டரில் நாலு நிறமும் நாளும் வற்றாதிருக்க ஆசீர்வதிக்கும்,

உன் அக்காள் கணவன்,
தர்மலிங்கம்.

பி.கு.: மதியம் லோகேஸ்வரி பினாங்கிலிருந்து வந்தாள். மஞ்சள் பெட்டியை வெளியே எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், அதன் மேலிருந்து ஒரு பட்டையை உரித்தாள், உள்ளே வைத்தாள். பிள்ளையார் தங்கமாக வந்தார். மற்ற மூன்று பெட்டியிலும் மஞ்சள் பட்டை வேறாகத் தெரிந்தது, உரித்தேன். மஞ்சள் பெட்டியில் மஞ்சள் பட்டை, அது கூடப் பிறந்தது என்று விட்டுவிட்டேன். மருதம்மாள் கொடுத்த மூன்று மஞ்சளும் நல்ல மஞ்சள்தான். மருதம்மாளைப் பற்றி மேலே எழுதிய அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். நாளைக்கே பழம் வாங்கிக்கொண்டு கோலா கெத்தில் போக வேண்டும்.

இரண்டாம் பி.கு.: கடிதத்தை ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டிய பிறகு இதை உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதுகிறேன். சாயங்காலம் வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. நீதான். பின்னால் கயிறு போட்டுக் கட்டிய பெரிய பெட்டி. உன் போன் யூனிஃபார்மோடு வாஷிங் மெஷினில் துவைபட்டுப் போய்விட்டதாம். மருமகள் மை கிடைக்காமல் அவதிப்படுகிறாள் என்று கேள்விப்பட்டு, பாட்டிலில் மை ஊற்றுகிற புதுப் பிரிண்டர் வாங்க இரண்டு வாரமாக ஓவர்டைம் பார்த்தாயாம். சீராக வாசலில் கொண்டுவந்து இறக்கும் வரை ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று சாந்தினிக்குச் சத்தியம். அவளால் சிரிப்பைத்தான் அடக்க முடியவில்லை. உன் அக்காள் ஓடிவந்து, பத்திரிகையில் பெயர் விட்டுப்போச்சே சசி என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ அவளைப் புரியாமல் பார்த்தாய்.

"பேரா? நான் அதப் படிக்கவே இல்லையேக்கா. ஒன் வெரலு மஞ்சள் இருந்துச்சு, சாமி மேடையில வெச்சிட்டேன். எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நான் எதுக்குப் பத்திரிகை படிக்கணும்?"

இப்போது நீ என் எதிரில் உட்கார்ந்து ஐந்தாவது தோசை சாப்பிடுகிறாய், பதின்மூன்று நாளுக்குப் பிறகு உன் அக்காளும் மூன்று சாப்பிட்டாள். என்ன மாமா எழுதுறீங்க என்று கேட்கிறாய், தண்ணி பில்லு என்று சொல்லியிருக்கிறேன். மேலே கண்ட ஆறு பக்கத்துக்கும் இனி எந்தத் தேவையும் இல்லை. ஆனாலும் ஸ்டாம்பை உரித்தால் கிழிந்துவிடும். திங்கட்கிழமை தபாலில் போட்டுவிடுகிறேன், வந்து சேர்ந்ததும் பார்த்துக்கொள்.