கலினாவை ஃபெயில் ஆக்கப் போன கதை

ஸனோக்,
மே 30

பேரன்புக்குரிய ரெஜினா அக்காவுக்கு,

தங்கை யாத்விகா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் ஆண்டவன் கருணையால் நலம். பூனை என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நலம். அங்கே நீயும் லுட்விக் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானுக்கு முதுகுவலி தேவலையா? நீ அனுப்பிய வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகள் வந்து சேர்ந்தன. காலி ஜாடிகளை நான் இன்னும் திருப்பி அனுப்பவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாமே, சொல்லிக்கொள், எனக்கு இப்போது அதைவிடப் பெரிய கவலைகள் இருக்கின்றன.

நிற்க. நான் வேலையை விடுகிறேன். நீ இரண்டு வருஷமாக என் காதில் ஓதிக்கொண்டிருந்தது கடைசியில் நடக்கப்போகிறது. ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்தாகிவிட்டது. மே மாதம் முடிவதற்குள் கொடுத்தால்தான் ஆகஸ்டு கடைசியில் விடுவிப்பார்கள். ஒரு நாள் தப்பினாலும் இன்னொரு முழு வருஷம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆகையால் நாளைக்கே தலைமையாசிரியை பெர்னார்தா அம்மாவின் மேசையில் அதை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். செப்டம்பரிலிருந்து கிராக்கோவில் அத்தானின் டைல்ஸ் கடையில் என்னைப் பார்க்கலாம். அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்.

ஈஸ்டர் விடுமுறையில் நான் கடையில் நின்ற அந்த ஒரு நாளைப் பற்றி அத்தான் உன்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்தையும் கேள். அந்த மனிதர் குளியலறைக்கு டைல்ஸ் கேட்டு வந்தார், நீளத்தையும் அகலத்தையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். கூட்டிக்கொண்டு, அக்கா. பெருக்கவில்லை. நான் எப்படிச் சும்மா இருப்பேன்? அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் படம் போட்டு, எங்கே தப்பு என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்றேன். பின்னால் வரிசை நின்றது உண்மைதான். அதில் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனதும் உண்மைதான். ஆனால் மற்றவர்கள் தங்கள் சமையலறைகளையும் அதே அட்டையில் போட்டுப் பார்த்தார்கள் என்பதை அத்தான் சொல்லியிருக்க மாட்டார். அந்த மனிதர் டைல்ஸ் வாங்காமல் போனார், பரப்பளவு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு போனார். போகட்டும். இனிமேல் அப்படி நடக்காது. கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

நான் ஒருத்திதான் ஓடுகிறேன் என்று நினைக்காதே. இயற்பியல் எடுத்த காஸிமிர் இப்போது கிராக்கோவ் பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸில் யாருக்கும் எதுவும் புரிய வேண்டிய அவசியமில்லை, டிக்கெட் இருந்தால் போதும் என்று சந்தோஷமாகச் சொல்கிறார். உயிரியல் எடுத்த மிரோஸ்லாவா நகங்களுக்கு வண்ணம் பூசும் கடை வைத்திருக்கிறாள். ஒரு விரல்கூட இதுவரை என்னிடம் மறுதேர்வு எழுதியதில்லை என்கிறாள். இவர்களையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தபோதுதான் கலினா விவகாரம் வந்தது.

கலினா வ்ரோனா எங்கள் பேக்கரித் தொழிற்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கேக்கில் கெட்டிக்காரி. கணக்கில் ஒன்றும் வராது. 'ஒன்றும்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே, ஒன்று மட்டும் வரும், ஒன்று என்றால் நம் பள்ளிகளில் ஃபெயில் மார்க். இரண்டு என்பது போனால் போகட்டும் என்று கொடுக்கிற பாஸ் மார்க். இந்த வருஷம் நான் இரண்டு கொடுக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். ஆனால் ஒரு பிள்ளையை ஃபெயில் ஆக்குவது இந்த நாட்டில் அவ்வளவு சுலபமா? மார்க் போடுவதற்கு ஒரு மாதம் முன்னதாகப் பெற்றோரை எச்சரித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காவிட்டால் ஃபெயில் போட முடியாது. மாணவி என்ன முயற்சி செய்தாள் என்று எழுத ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்கள். ஆசிரியர் என்ன முயற்சி செய்தார் என்று எழுத ஒரு முழுப் பக்கம். படிக்காதது அவள், விளக்கம் எழுதுவது நான்.

பெர்னார்தா அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, காப்பியெல்லாம் கொடுத்து, இந்தப் பள்ளியில் யாரும் ஃபெயில் ஆனதில்லை என்று பத்திரிகையில் போட்டிருக்கிறோம், ஒருத்தி ஃபெயில் ஆனால் நாலு பேர் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாறுவார்கள், அப்புறம் வகுப்பையே மூட வேண்டிவரும் என்று புலம்பினார். "ஒரு ரெண்டு போட்டா உன் கை தேஞ்சா போயிடும், யாத்விகா?" என்றும் கேட்டார். நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கலினாவின் அப்பா இஸிதோர் கார் மெக்கானிக். என் கார் மார்ச்சிலிருந்து அவர் பட்டறையில்தான் கிடக்கிறது. கார் விஷயமாக ஒன்று, கையெழுத்து விஷயமாக ஒன்று என்று நடையாய் நடந்தேன். போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். "முதலாளி ஊர்ல இல்லீங்க டீச்சர்" என்று அந்த பூட்ஸே சொல்லும். பதிவுத் தபால் அனுப்பினேன், வாங்காமல் திரும்பி வந்தது. கடைசித் தேதி தாண்டிவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பது ஊரில் எல்லா அப்பாக்களுக்கும் மனப்பாடம். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு இந்த அளவுக்குத் தெரிந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுத வேண்டியிருக்காது.

கடைசித் தேதி மே பதினைந்து. சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய்விட்டேன். அக்கா, நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு முட்டாள்தனத்தை நான் செய்திருக்கக் கூடாது. நாள்காட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, மே பதினைந்து இஸிதோர்களுக்கும் ஸோஃபியாக்களுக்கும் பெயர்நாள், அந்தப் பெயர்ப் புனிதர்களின் திருநாள். அவர் இஸிதோர். அவர் மனைவி ஸோஃபியா. நம் ஆட்கள் பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, ஞாபகம் வைத்துக்கொண்டு வருகிறவர் எல்லாம் விருந்தாளி என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? கதவைத் திறந்த ஸோஃபியா என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி முத்தமிட்டாள். ஞாபகம் வைத்துக்கொண்டு வந்தீர்களே டீச்சர் என்று கண் கலங்கினாள். கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு இஸிதோர் வந்தார். முழங்காலுக்கு மேலே அந்த மனிதரை நான் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. என் கையிலிருந்த உறையை வாழ்த்து அட்டை என்று நினைத்து வாங்கி, பூச்சாடியில் சாய்த்து, மற்ற அட்டைகளுக்கெல்லாம் முன்னால் நிறுத்திவைத்தார்.

அது எச்சரிக்கைக் கடிதம் என்று சொல்ல அவர்கள் எனக்கு இடமே கொடுக்கவில்லை. மேசையின் தலைப்பக்கத்தில் உட்காரவைத்து, ஹெர்ரிங் மீன் ஒரு பக்கம், கோழி ஜெல்லி ஒரு பக்கம், நடுவில் கசகசா கேக் என்று தட்டை நிரப்பிவிட்டார்கள். நூறாண்டு வாழ்க என்று எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள், நானும் பாடினேன். மறுபடி எழுந்து டீச்சருக்காக ஒரு தடவை பாடினார்கள், அதற்கும் நான் நிற்க வேண்டியிருந்தது. அப்புறம்தான் ஸோஃபியாவின் தம்பி, தீயணைப்புப் படையில் இருக்கிறவர், டீச்சர் என்ன எழுதியிருக்கிறார் என்று எல்லோருக்கும் படித்துக் காட்டலாம் என்றார். வேண்டாம் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் உறையைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாண வாழ்த்துப் படிக்கிற குரலில், தங்கள் மகள் கணிதத்தில் தோல்வி மதிப்பெண் பெறும் அபாயத்தில் இருக்கிறார் என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறோம் என்பது வரை நிறுத்தாமல் படித்தார். அதற்குள் மூலையில் இருந்த ஒருவர் கிளாஸைத் தூக்கி, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லியும்விட்டார்.

ஸோஃபியாதான் முதலில், கேக்கைச் சாப்பிட்ட பிறகாவது சொல்லியிருக்கலாம் டீச்சர் என்றாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது எனக்கு. இஸிதோர் மெதுவாக எழுந்து, கேக் தட்டைத் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதைச் சாப்பிட்டீங்கல்ல? எப்படி இருக்கு? சொல்லுங்க."

நன்றாக இருக்கிறது என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது.

"இதைச் செஞ்ச கைக்குக் கணக்கு எதுக்குங்க?"

பதில் சமையலறை வாசலிலிருந்து வந்தது. கலினா கையில் காலித் தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, கையெழுத்துப் போடுங்க."

"நீ உள்ள போ."

"போட்டுட்டுச் சொல்லுங்க, போறேன். இந்தக் கேக் எட்டு பேருக்கு. வந்திருக்கிறது பதினாலு பேர். அதான் எல்லாருக்கும் இத்தனூண்டு துண்டு. அளவைக் கூட்டிச் செய்ய எனக்குத் தெரியலப்பா. எப்பவும் அம்மாதான் ஃபோன்ல பார்த்துச் சொல்றாங்க. நாளைக்கு பேக்கரியில யார் சொல்லுவாங்க?" தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அஞ்சாங்கிளாஸ்லேர்ந்து எல்லா டீச்சரும் பாவம்னு ரெண்டு போட்டு அனுப்பிட்டாங்க. நல்லவங்கதான். ஆனா யாரும் உக்காந்து சொல்லித் தரல. ஃபெயிலானா ஆகஸ்ட்ல மறுதேர்வு வரும். அதுக்காவது நீங்க சொல்லித் தருவீங்க. பாஸ் போட்டீங்கன்னா இதோட என்னை விட்டுடுவீங்க."

இஸிதோர் கேக் தட்டைக் கீழே வைத்தார். அப்புறம் மச்சானைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவர் முதுகிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, உங்க கார் ஆகஸ்டுக்கு முன்னால ரெடியாகாது டீச்சர் என்றும் சொல்லிவிட்டார். ஆக நான் இப்போதும் நடந்துதான் போய் வருகிறேன்.

எனக்கு என்ன எரிச்சல் என்றால், அக்கா, பாஸ் போடு என்று கெஞ்சுகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். அழுகிற அம்மா, மிரட்டுகிற மாமா, சாக்லேட் பெட்டி, எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. ஃபெயில் போடு என்று கெஞ்சுகிறவளை என்ன செய்வது? இதற்கு யாரும் எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. முயற்சி செய், முயற்சி செய் என்று வருஷக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்தினேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் மூட்டை கட்டுகிற நேரம் பார்த்து ஒருத்தி முயற்சி செய்கிறேன் என்று வந்து நிற்கிறாள். இதைப் போன வருஷம் செய்திருக்கக் கூடாதா? அல்லது அடுத்த வருஷம், நான் டைல்ஸ் எண்ணிக்கொண்டிருக்கும்போது?

பெர்னார்தா அம்மா கையெழுத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நேற்று பேசினார். காஸிமிர் பஸ்ஸில் யாரிடமோ உளறிவைத்திருக்கிறார், நான் போகப்போவது பெர்னார்தா அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"நீதான் செப்டம்பர்ல இருக்கப் போறதில்லையே. அவ ஃபெயிலானா உனக்கென்ன, பாஸானா உனக்கென்ன?"

கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். துக்கமெல்லாம் இல்லை, கோபம்.

ஆனால் என் முடிவில் மாற்றமில்லை. ஒரு பெண் ஆசைப்படுகிறாள் என்பதற்காக நான் என் ஆயுளை அடகு வைக்க முடியாது. ஜூலை முழுக்க உட்கார்ந்து பின்னம் சொல்லிக்கொடுக்க எனக்கென்ன தலையெழுத்தா? வேறு யாராவது சொல்லிக்கொடுக்கட்டும். இந்த ஊரில் என்னை விட்டால் கணக்கு டீச்சர் வேறு யாரும் இல்லை என்பது என் குற்றமா? நான் பொறுப்பில்லாதவள் என்று நீ நினைக்க மாட்டாய். நினைத்தாலும் நினைத்துக்கொள். பொறுப்பு என்று சொல்லிச் சொல்லித்தான் என்னை இந்த நாற்காலியில் ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். கடையில் பொறுப்பு அத்தானுடையது, கூலி என்னுடையது. எவ்வளவு நிம்மதி.

மாடியில் எனக்கென்று அந்தச் சின்ன அறையைக் காலி செய்து வை. அத்தானுக்கு என் பணிவான வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், அவர்கள் கணக்கு நோட்டுகளை நான் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவை, பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் நோய்நொடி எட்டிப் பார்க்காமல், அடுப்பும் மனசும் சூடாக இருக்க வேண்டுமென்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உன் ஆசியை எதிர்பார்க்கும்
அன்புத் தங்கை,
யாத்விகா

பி.கு.: இதைத் தபாலில் போடாமலே கைப்பையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டேன். இப்போது மறுநாள் சாயங்காலம். காலையில் ராஜினாமாவோடு போனேன், பெர்னார்தா அம்மா இன்னும் வரவில்லை என்று படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கலினா வந்து, ஒரு நிமிஷம் டீச்சர் என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன். மதியம் மறுபடி வந்தாள், சாயங்காலம் மறுபடி வந்தாள். நாங்கள் எழுந்தபோது அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போயிருந்தார்கள், ராஜினாமா இன்னும் கைப்பையில்தான், மே மாதமும் முடிந்தது. அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல் அத்தானிடம். கணக்குத் தெரிந்தவராகப் பார்க்கச் சொல். கலினாவுக்கு ஒன்றும் வந்துவிடவில்லை. முக்கால் கிளாஸ் மாவும் அரைக் கிளாஸ் மாவும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். இத்தனை வருஷமும் மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டி நாலின் கீழ் ஆறு, அதாவது ஆறில் நாலு என்றுதான் சொல்லிவந்தாள். இன்று அப்படிச் சொல்லவில்லை. கீழே இருப்பதை இரண்டிலும் நாலாக்க வேண்டும் என்று தானாகவே கண்டுபிடித்தாள், ஆக்கினாள், அரையின் மேலே இருந்த ஒன்றை மட்டும் மாற்ற மறந்துவிட்டு, ஒரு கிளாஸ் என்றாள். விடை தப்புதான். ஆனால் அக்கா, அது புதுத் தப்பு.