‘ட்ரெயின்’ என்பதன் மூன்றாம் பொருள்

சொல்லுக்கு வேர் தேடுகிறவர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. தாகமெடுத்தால் நீங்கள் தண்ணீர் குடிப்பீர்கள். அவரோ தம்ளர் என்பது எந்த நாட்டுச் சொல் என்று விளக்கிவிட்டுத்தான் குடிப்பார், அதுவரை பக்கத்திலிருப்பவரையும் குடிக்க விடமாட்டார். “இதுக்கு ஆதியில என்ன அர்த்தம் தெரியுமோ?” என்று தொண்டையைச் செருமினால் ஆள் அவர்தான். தெரியாது என்றால் தப்ப முடியாது. தெரியும் என்றால் இன்னும் மோசம். இலங்கையில் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில், ஆபீசைக் கந்தோர் என்போம், கந்தோருக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் கந்தோரில், கிளாக்கராகிய நான்.

பதுளைக் கடைக்காரர் தம்பையா, மகளுடைய நிச்சயதார்த்தத்துக்கு நானுஓயா புறப்பட்டபோது என்னையும் அழைத்தார். “நீங்க இங்கிலீசு படிச்சவங்க, கூட வந்தா எடுப்பா இருக்கும்.” முகூர்த்தத்துக்குள் தட்டு மாற்றாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

பதுளைக்கு அப்போது ரயில் கிடையாது, பண்டாரவளை வரை மாட்டுவண்டிதான். அங்கே கோச்சி வந்து நின்றது. என் வாய் சும்மா இருக்குமா?

“ட்ரெயின்னா முதல்ல வண்டியே இல்ல, தம்பையா. இழுபட்டு வர்றது. தொரைசாணி கவுனுக்குப் பின்னால தரையைக் கூட்டிக்கிட்டு வருதே, அந்த வாலு. அப்புறம் ராஜாவுக்குப் பின்னால வரிசையாப் போற பரிவாரம். மூணாவதா...”

கொடி அசைந்தது. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர் தம்பையா. கண்ணைக் கோச்சியிலும் காதை என்னிடமும் வைத்து, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி மீனாம்பாளோ என்னோடு பதுளையிலிருந்து மாட்டுவண்டியில் வந்தவர். அனுபவசாலி.

“ஏறு பூவம்மா,” என்றார் நாத்தனாரிடம். “அய்யா இப்பத்தான் ராஜாகிட்ட வந்திருக்காரு.”

தட்டோடு இருவரும் ஏறினார்கள். கோச்சி எல்லோரையும் இழுத்துக்கொண்டு போயிற்று, எங்கள் இருவரைத் தவிர.

அடுத்த கோச்சி முகூர்த்தத்துக்கு எட்டாது என்பதால் பகல் முழுவதும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ‘பெஞ்சு’ என்று நான் தொடங்கினேன். தம்பையா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

மாலை வண்டியில் மீனாம்பாள் இறங்கினார். “தட்டு மாத்தியாச்சு.”

“ஆம்பளை இல்லாமயா?” தம்பையாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

“அவங்களும் கேட்டாங்க. கிளாக்கரய்யா பேசிக்கிட்டிருக்காருன்னேன். அவங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காராம். ஒடனே புரிஞ்சுக்கிட்டாங்க.”

கல்யாணம் நிச்சயமானதில் உங்களுக்கு மகிழ்ச்சிதானே, வாசகரே? அல்லது, அந்த மூன்றாவது பொருளை இந்தக் கிழவன் சொல்லாமலே விட்டுவிட்டானே என்று மனம் அரிக்கிறதா? அப்படியானால் வாருங்கள். பெஞ்சில் இன்னும் இடமிருக்கிறது.