ராட்டின வரிசையில் அத்தானின் சப்பாத்து

வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கடவுள் பொறுமையைக் கொடுத்தார். வரிசையைத் தாண்டுகிறவர்களுக்குப் பணத்தைக் கொடுத்தார். (இரண்டையும் ஒருவருக்கே கொடுத்திருக்கலாம். ஏனோ செய்யவில்லை.)

போன விடுமுறையில் மகன் என்னையும் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனான். வெயிலில் நாங்கள் நின்று நின்று கருகிக்கொண்டிருக்க, பக்கத்துப் பாதையில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி நேராக உள்ளே போனது. கூடுதல் காசு கொடுத்தால் அப்படிப் போகலாமாம். இந்தக் காலத்தில்தான் இப்படியெல்லாம் நடக்கிறது என்று மகன் பொருமினான். இந்தக் காலமாவது, மண்ணாங்கட்டியாவது! இதே அநியாயத்தை நான் சுதந்திரம் வந்த வருடமே மலாக்காவில் பார்த்தாயிற்று. பார்த்ததோடு நிற்காமல், அதைத் தீர்த்துவைக்கிறேன் என்று கிளம்பி, ஓடுகிற ராட்டினத்தை நிறுத்தியும் இருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. பெண்கள் ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் என்னைவிட அறிவாளி யாருமில்லை என்று ஓர் அபிப்பிராயம் உலவியது. (உலவியது என் தலைக்குள் மட்டும்தான்.) அந்த வாரம் எங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து. கமலம் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ஈப்போக்காரர், ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் வாயே திறக்காததால் அதை மறுக்கவும் வழியில்லை.

விருந்தென்றால் வீடு நிறைய ஆட்கள். பத்து பெரெண்டாமிலிருந்து ஒரு கூட்டம் மாப்பிள்ளை பார்க்க வரும், அது கிளம்புவதற்குள் கிளேபாங் கூட்டம் வந்து இறங்கும். அத்தான் முன்னறையில் அப்பாவோடு உட்கார்ந்து, நேற்றைய பத்திரிகையை இன்றும் படிப்பார். அக்கா அடுப்படியில் அம்மாவோடு. இரவில் ஆண்களெல்லாம் முன்னறையில், பெண்களெல்லாம் உள்ளே. ஈப்போவில் இதைவிட மோசமாம். ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணன் குடும்பம், தம்பிகள், மாமியார் என்று கால் நீட்ட இடமில்லை.

துணி துவைக்கும்போது அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“இதுவரைக்கும் எங்கிட்ட ‘தண்ணி’ன்னு கேட்டிருக்காரு, ‘போதும்’னு சொல்லியிருக்காரு. அவ்வளவுதான். என்னைப் பிடிச்சுக் கட்டிக்கிட்டாரா, யாராவது சொல்லிக் கட்டிக்கிட்டாரான்னுகூடத் தெரியல. நாளைக்குப் பஸ் ஏறணும்.”

சொல்லிவிட்டுச் சோப்பு நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கடற்கரைத் திடலுக்கு ராட்டினம் வந்திருக்கிறதாமே, ஒரு நாற்காலிக்கு இரண்டே பேர்தானாமே என்று கேட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்காக எனக்கு அழுகை வந்தது. அன்று மாலையே எல்லோரும் ராட்டினம் பார்க்கப் போகிறோம் என்று அப்பாவிடம் அடம்பிடித்தேன். மாப்பிள்ளைக்கு ஊரைச் சுற்றிக் காட்டாமல் அனுப்பினால் மரியாதையா என்று கேட்டதும் அவரால் மறுக்க முடியவில்லை.

அப்பா பொதுப்பணி இலாகாவில் மண்டோர். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவர். வீட்டுக்கு வந்தால் எங்கள் சந்தின் பொதுக்குழாயடிக்கும் அவர்தான் மண்டோர். குழாயடியில் ஒரு சட்டம் உண்டு. வாளியை வைத்துவிட்டால் ஆள் நிற்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கலாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். பின்னால் இருப்பவர் உங்கள் வாளியைக் காலால் நகர்த்தி விடுவார். அதைத் தாண்டித் தண்ணீர் பிடித்தவர்கள் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். மலாய்க்காரர் வீட்டு வாளியோ சீனர் வீட்டு மண்ணெண்ணெய் டின்னோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

இந்த மனிதரைத்தான் ராட்டின வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அங்கே இரண்டு வாசல். ஒன்று சாதாரண சீட்டுக்கு, அதன் வரிசை தென்னைமரம் வரை நீண்டிருந்தது. இன்னொன்று சிவப்புச் சீட்டுக்கு, ஒரு கயிற்றை அவிழ்த்து நேராக உள்ளே விடுவார்கள். விலை மூன்று பங்கு. ராட்டினம் நிற்கும்போதெல்லாம் முதலில் சிவப்புச் சீட்டுகள் ஏறும். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு நாற்காலிகள்தான் எங்களுக்கு. சில சமயம் அதுவும் இருக்காது. நாங்கள் நாலு அடி நகர்வதற்குள் அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. எதிரே ஒரு பட்டுச்சட்டைக்காரர் குடும்பத்தோடு மூன்றாம் தடவை ஏறினார்.

அத்தானின் கை மெல்லச் சட்டைப்பைக்குப் போனது. அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

“வேணாம் மாப்புள. நம்ம குடும்பத்துல யாரும் வரிசைய வெலைக்கு வாங்க மாட்டாங்க.”

அதையே மலாயிலும் ஒருமுறை உரக்கச் சொன்னார், பின்னால் நிற்பவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று. பலர் தலையாட்டினார்கள். அத்தான் கையை வெளியே எடுத்துவிட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் என் அறிவு வேலை செய்தது. நாமென்ன, வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்காதவர்களா? வரிசையில் ஆளுக்கொரு பொருளை வைத்துவிட்டுப் போய்ப் பசியாறிவிட்டு வரலாமே என்றேன். அப்பாவுக்கு அது உடனே பிடித்துவிட்டது. (என் யோசனை எதுவும் அவருக்கு அதற்கு முன்பு பிடித்ததில்லை. அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.) அப்பா குடையை வைத்தார். அம்மா கூடையை வைத்தாள். நானும் அக்காவும் செருப்பைக் கழற்றினோம். அத்தானிடம் வைக்க ஒன்றுமில்லை. நான் அவருடைய காலைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு அப்பா எடுத்துக் கொடுத்த புத்தம்புதிய கறுப்புச் சப்பாத்து. பாவம், மச்சினிச்சி கேட்கிறாளே என்று மறுபேச்சில்லாமல் கழற்றி வைத்தார்.

பின்னால் நின்ற மலாய் அம்மா, தான் பார்த்துக்கொள்வதாகக் கையசைத்தார். அவர் வீட்டுப் பக்கமும் பொதுக்குழாய்தானாம். நாங்கள் மீ கோரெங் கடைக்குப் போய் உட்கார்ந்தோம். அத்தான் காலுறையோடு மணலில் நடந்து வந்தார். நான் பெருமையில் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

நல்ல யோசனைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அது பரவும். எங்களைப் பார்த்து மலாய் அம்மா தன் பையை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு கச்சான் கடலை வாங்கப் போனாராம். அவருக்குப் பின்னால் இருந்தவர் தொப்பியை வைத்தார். அதற்கும் பின்னால் மரக்கட்டைச் செருப்பு, விசிறி, ஒரு பம்பரம்கூட. கொஞ்ச நேரத்தில் தென்னைமரம் வரை வரிசை அப்படியே இருந்தது, ஆனால் அதில் ஒரு மனிதர்கூட இல்லை.

ராட்டினத்தை ஓட்டிக்கொண்டிருந்த சீனக் கிழவர் எட்டிப் பார்த்தார். எந்த ஊரிலிருந்து வந்தவரோ, எங்கள் குழாயடிச் சட்டம் அவருக்குத் தெரியவில்லை. “ஓராங் மானா?” என்று, ஆட்கள் எங்கே என்று மலாயில் கேட்டிருக்கிறார். பதில் சொல்ல ஆளில்லை. யாரோ குப்பையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து, ஒரு கைவண்டியில் எல்லாவற்றையும் வாரிக் கொண்டுபோய் எஞ்சினுக்குப் பக்கத்தில் மலையாகக் கொட்டிவிட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அந்த மலையைச் சுற்றி ஒரே கூச்சல். ஒரு கால் செருப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் இழுக்கிறார்கள். கிழவர் ராட்டினத்துக்கும் அந்த மலைக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, ராட்டினத்தின் மேனேஜர் ஒரு பெட்டியின் மேல் ஏறி, சிவப்புச் சீட்டு வாங்குகிறவர்கள் தங்கள் செருப்பை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தாரே பார்க்கலாம்!

அப்பாவுக்குக் கண் சிவந்துவிட்டது. மண்டோர் குரலில் ஓர் அதட்டல் போட்டார். மூன்று மொழிக்காரர்களும் தன்னால் வரிசையில் நின்றார்கள். அப்பா குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டு, கிழவரைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி உரியவரிடம் கொடுத்தார். மேனேஜர் பெட்டியிலிருந்து இறங்கிப் போய்விட்டார். என் அப்பாவை நினைத்து எனக்குப் புல்லரித்தது.

அத்தானின் சப்பாத்தில் ஒன்று என் கையில் கிடைத்தது. கொடுக்கலாம் என்று திரும்பினால் அத்தானைக் காணோம். அக்காவையும் காணோம். அம்மாவும் பார்க்கவில்லை என்றாள். ஊருக்குப் புதிய மாப்பிள்ளை, கூட்டத்தில் எங்கே போய்த் தேடுவது? எதற்கோ நிமிர்ந்து பார்த்தேன்.

ராட்டினத்தின் உச்சி நாற்காலியில், ஆகாயத்துக்கு நடுவே, கறுப்புக் காலுறை போட்ட இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

சந்தடியில் நைசாக நழுவி அத்தான் சிவப்புச் சீட்டு வாங்கியிருக்கிறார். கிழவர் இவர்களை ஏற்றி மேலே அனுப்பிய கையோடு சண்டையில் வந்து மாட்டிக்கொண்டார். ராட்டினம் அப்படியே நின்றுவிட்டது. எல்லோரும் செருப்புச் சண்டையில் இருந்ததால் மற்ற நாற்காலிகள் காலி. நான் பார்த்த திசையில் அம்மா பார்த்தாள், மலாய் அம்மா பார்த்தார், பிறகு மொத்த வரிசையும் பார்த்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் வரிசையை விலைக்கு வாங்கமாட்டார்கள் என்று இரண்டு மொழியில் கேட்டிருந்த அதே வரிசை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்பா கடைசியாக நிமிர்ந்தார். அவர் முகம் சிறுத்துப்போனதைப் பார்த்து எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. எல்லாம் என்னால் வந்தது. கிழவர் பதறி, இதோ இறக்கிவிடுகிறேன் என்று எஞ்சின் பக்கம் ஓடப் பார்த்தார். அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலேயே பார்த்தார். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அக்காவையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

“விடு,” என்றார் அப்பா. “வரிசையத் தாண்டி ஏறுனவங்கதானே? எறங்கும்போதாவது வரிசையில வரட்டும். இந்தச் செருப்பெல்லாம் முடியட்டும் முதல்ல.”

மலாயிலும் சொன்னார். கூட்டம் கைதட்டியது. அதன் பிறகு அவர் செருப்பு கொடுத்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வார் அறுந்திருக்கிறதா என்று விசாரித்தார், பம்பரத்தைக்கூடத் துடைத்துக் கொடுத்தார். கடலில் சூரியன் இறங்கும்வரை அந்த ஜோடி மேலேயே இருந்தது.

அத்தானுக்கு உயரம் என்றால் உயிர்ப்பயமாம். பயம் வந்தால் வாய் நிற்காதாம். தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றே பிடித்துவிட்டதென்றும், எப்படிப் பேச்சை ஆரம்பிப்பதென்று தெரியாமல்தான் தண்ணீர் தண்ணீரென்று கேட்டாரென்றும் அக்கா அன்றிரவு சொன்னாள். இன்னொரு சப்பாத்து கிடைக்கவேயில்லை. மறுநாள் அத்தான் அப்பாவின் ரப்பர் செருப்பில்தான் ஈப்போவுக்குப் பஸ் ஏறினார்.

அன்று அப்பா செய்தது தண்டனைதான் என்று அம்மா சாதிப்பாள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். ஆறு வருடம் கழித்து எனக்குக் கல்யாணமாகி, மறுவீட்டுக்கு என் வீட்டுக்காரரோடு காஜா பெராங் வந்தேன். வழக்கம்போல பத்து பெரெண்டாம் கூட்டம் மாப்பிள்ளை பார்க்க வந்து இறங்கியது. அப்பா எங்கள் இருவரையும் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். வந்தவர்களையெல்லாம் வெயிலில் வரிசையாக நிற்க வைத்தார். உள்ளே விடச் சொல்லிப் பெரியம்மா கத்தியது எனக்குக் கேட்டது.

“செவப்புச் சீட்டு வச்சிருந்தாலும் விட மாட்டேன்,” என்றார் அப்பா.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் புதுமணத் தம்பதி விருந்துக்கு வந்தால், யாராவது ஒருவர் நாற்காலியோடு வாசலுக்குப் போய்விடுவார்கள். காபி ஆறிப்போகும், கதவை யாரும் தட்டமாட்டோம்.