கறுப்புக் கோடும் புள்ளிக் கோடும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவர் சொல்வது புரியாவிட்டால் தலை தானாக ஆடும். புரியாதது கூடக் கூட ஆட்டமும் கூடும். மணலூர்பேட்டையில் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பிக்க வந்த டிசைனர் தமிழ்ச்செல்வி, நான் ஆட்டிய ஆட்டத்தில் என்னைப் பாதி இன்ஜினியர் என்றே நம்பிவிட்டார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து வீட்டை மூலைமூலையாக அளந்தார். காலையில் யார் முதலில் எழுவது, பாத்திரம் எங்கே துலக்குவது என்றெல்லாம் கேட்டார். (சுவருக்கும் நான் எழுந்திருப்பதற்கும் என்ன சம்பந்தம்?) என் மனைவி சாந்தி பதில் சொல்ல வாயெடுத்தாள். "நீ போய் டீ போடு" என்று அவளை அனுப்பிவிட்டு, "எல்லாம் உங்க இஷ்டம் மேடம்" என்றேன்.

அடுத்த வாரம் வரைபடம் வந்தது.

"சார், புள்ளிக் கோடு போட்டது இடிக்கிற சுவர். கறுப்புக் கோடு அப்படியே நிக்கும். சந்தேகம்னா போன் பண்ணுங்க. நான் வர்ற வரைக்கும் எதையும் தொட வேணாம். புரியுதுங்களா?"

ஆட்டினேன்.

வேலை தொடங்கும் நாளில் மேஸ்திரி கண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். டிசைனர் கல்வராயன் மலையில் ஒரு வேலையைப் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. போன் போட்டால் சிக்னல் இல்லை. மேஸ்திரி சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வரைபடத்தை விரித்தேன். புள்ளியா, கறுப்பா? அழுத்தி அழுத்திக் கறுப்பாகப் போட்டிருக்கிறார் என்றால் அதுதானே முக்கியம்? முக்கியமானதைத்தானே முதலில் இடிப்பார்கள்?

"சார், இது சமையல்கட்டுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல இருக்கிற செவுரு. இத்தையா இடிக்கச் சொன்னாங்க?"

"டிசைன்னா அப்படித்தான் மேஸ்திரி."

நாலு அடியில் நாலு செங்கல் சமையலறைக்குள் விழுந்தது. ஓட்டை வழியாக முதலில் ஆவி வந்தது. பிறகு சோப்பு நுரையோடு ஒரு முகம் வந்தது. ரிஷிவந்தியத்திலிருந்து முந்தைய நாள் வந்திருந்த சாந்தியின் தம்பி செல்வம்.

"மாமா, நான் குளிச்சிக்கினு இருக்கேன்!"

"தெரியும் மச்சான்" என்றேன். (ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.)

"தெரிஞ்சேவா இடிக்கிற?"

சாந்தி ஓடி வந்தாள். "இன்னா நடக்குது இங்க?"

மேஸ்திரி மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மிச்சத்த இடிக்கட்டுமா, வேணாமா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். அந்த நேரம் பார்த்து டிசைனர் உள்ளே வந்தார். ஓட்டையைப் பார்த்தார். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"சார், அந்தப் பக்கம் யாரு?"

"மச்சான்."

"பிளான்ல அவர் இல்லீங்களே." பெருமூச்சு விட்டார். "நான் அன்னிக்குச் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா சார்?"

என் தலை கிளம்பியது. சாந்தி மோவாயைப் பிடித்து நிறுத்தினாள். "அவருக்குப் புரியலைங்க. எனக்குச் சொல்லுங்க."

டிசைனர் சாக்பீஸ் எடுத்து, நிஜ அளவிலேயே தரையில் சமையலறையை வரைந்தார். சாந்தி கோடுகளுக்குள் நடந்து பார்த்து, "அடுப்பு இங்க வந்தா, கதவு தொறக்கச்சொல்ல முதுகுல இடிக்குமே" என்றாள். "இதுக்குத்தாங்க்கா மொதல் நாளே கேட்டேன்" என்று டிசைனர் அங்கேயே கதவை அழித்து மாற்றினார். நானும் துணிந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, "புரியல மேடம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை புரிந்தது.

சுவரை அடைத்தாயிற்று, சமையலறையும் அழகாக அமைந்துவிட்டது. ஆனால் செல்வம் மட்டும் எங்கள் வீட்டில் தனியாகக் குளிப்பதில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று காதுக்குத் தெரிய வேண்டுமாம். அதனால் அவன் குளித்து முடிக்கும்வரை நான் வாசலில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறேன்.

போன பொங்கலுக்கு அவன் மகளைக் கட்டிய புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்தார். செல்வம் குளித்து வந்ததும், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாத்ரூம் வாசலில் வெகுநேரம் தயங்கி நின்றார். பிறகு பணிவாகக் கேட்டார்:

"பெரியப்பா, எனக்குப் படிக்க மாட்டீங்களா?"